திண்ணையில் தொடங்கும் இலக்கியம்

பிள்ளைகளுக்கு இலக்கியத்தில் பற்று உண்டாக வேண்டுமானால் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கவேண்டும், தாய் தந்தையர் பெரும் படிப்பாளிகளாக இருக்கவேண்டும் என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அதை ஆட்சேபிக்க விரும்புவோர்க்கு இராமேசுவரத்து மசூதித் தெருவில் நல்லதொரு சாட்சியம் உண்டு. 1931 அக்டோபர் 15ஆம் தேதி அவ்வூரில் பிறந்து, விஞ்ஞானியாகவும் பின்னர்க் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய அப்துல் கலாம், தமிழில் கவிதையும் எழுதியவர். அவருடைய தந்தை ஜைனுலாப்தீனுக்கோ முறையான படிப்பும் மிகுதியில்லை, செல்வமும் மிகுதியில்லை.

ஆனால் அவ்வீட்டில் பேச்சு இருந்தது. தொழுகையைப் பற்றிச் சிறுவன் கேட்ட கேள்விக்கு, ‘உனக்கு இப்போது விளங்காது, போ’ என்று தள்ளிவிடாமல், ஆழ்ந்த விஷயங்களையும் எளிய தமிழில் எடுத்துச் சொல்லக்கூடியவராகத் தந்தை இருந்தார் என்று, 1999இல் வெளிவந்த தம் சுயசரிதையில் கலாம் எழுதுகிறார். பிற்காலத்தில் அவருக்கு மைத்துனரான அகமது ஜலாலுதீன், வயதில் சுமார் 15 ஆண்டு மூத்தவராயிருந்தும், அச்சிறுவனை ‘ஆசாத்’ என்று அழைத்து, மாலை வேளைகளில் உடன் நடத்திச் சென்று, புதிய நூல்களைப் பற்றியும் விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளைப் பற்றியும் சமவயதினனிடம் பேசுவதுபோலப் பேசிவந்தார். வறுமையால் படிப்பை நிறுத்தியவர்தான். எனினும் அந்தத் தீவிலேயே ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அக்காலத்தில் அவர் ஒருவரே என்பதால், விண்ணப்பமோ கடிதமோ எது வேண்டினும் ஊரார் அவரிடமே வந்தார்கள். ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் கஷ்டம் காகிதத்தில் வரிகளாக மாறுவது, அவருடனேயே பழகிய சிறுவனுக்கு அந்நியமான வித்தையாக இருந்திருக்காது.

புத்தகத்துக்கு எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீடு இருந்தது. தேசிய இயக்கத்தில் ஈடுபட்டிருந்த அவர், தம்மிடமிருந்த நூல்களைச் சிறுவனுக்கு இரவல் கொடுத்து, படி படி என்று ஊக்கினார். செய்தித்தாளுக்கு உறவினர் சம்சுதீன் இருந்தார். உலக யுத்தம் மூண்டு, இராமேசுவரத்தில் ரயில் நிற்பது ரத்தாகி, ஓடும் வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகள் வெளியே வீசப்பட்ட நாட்களில், அவற்றைப் பிடிக்க அவருக்கு உதவியவன் இந்தச் சிறுவனே. அதற்கு முன்பே, ‘தினமணி’ முதலிய பத்திரிகைகள் வீடுகளுக்குப் போகுமுன் அவன் அவற்றைப் புரட்டுவதுண்டு. எழுத்து விளங்காத பிராயமாதலால் படங்களைப் பார்த்துத் திருப்தியடைந்தான். படம் பார்ப்பதைப் படிப்பாகக் கருதாமல் குழந்தையின் கையிலிருந்து தாளைப் பிடுங்கும் பெற்றோர் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

படிப்பது ஒருபுறம் இருக்க, எழுதுவதில்தான் நாம் பிள்ளைகளுக்குப் பெரும் அநியாயம் செய்கிறோம். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கதவைத் திறந்தால் கடல் தெரியும் வீட்டுப் பிள்ளை, ‘கடற்கரையில் ஒரு நாள்’ என்ற கட்டுரைக்கு, விடுமுறையில் பெற்றோருடன் கடற்கரைக்குச் சென்று மணல்வீடு கட்டி மகிழ்ந்ததாக உருப்போட்டு எழுதினால் (நோட்ஸ் போடும் புண்ணியவான்கள் மன்னிக்க), அதில் கடலும் இல்லை, அந்தப் பிள்ளையும் இல்லை. அதன் தாத்தாவுக்கோ, வாடை கிளம்பினால் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் வீசும் பருவத்தில் தென்கடல் முரண்டு பிடிக்கும், எந்தக் காற்றில் வத்தையை இறக்கலாம், எதில் வலையைச் சுருட்டிக் கரையில் இருக்கவேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அதன் தாயோ அத்தையோ பாசி எடுக்கக் கடலில் இறங்கியவளாக இருந்தால், பாறையில் கால் கிழியாமலிருக்க என்ன கட்டிக்கொள்கிறார்கள், மூச்சை எப்படி அடக்குகிறார்கள் என்று சொல்லுவாள். உள்நாட்டுப் பக்கம் சாயல்குடியானால் பனையும் பதநீரும் கருப்பட்டி காய்ச்சும் அடுப்பும் உண்டு. இவை எழுத்துக்குரிய விஷயங்கள் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லாததே குறை.

இதற்குப் பெரும் பிரயாசை வேண்டியதில்லை. இன்னும் எழுத வராத குழந்தை சொல்லுவதை, அதன் சொற்களை மாற்றாமல், மூத்தவர் ஒருவர் எழுதி, அதற்கே வாசித்துக் காட்டினால், தன் பேச்சு தாளில் நிற்கிறது என்ற ஆச்சரியம் அதற்கு உண்டாகும். அதன்பின் பென்சிலைத் தானே கேட்கும். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வரிபோடாத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மதிப்பெண் போடும் சிவப்பு மை அதனுள் நுழையக்கூடாது. இலக்கணம் வேண்டாமென்று நான் வாதிக்கவில்லை. பள்ளிக்கூடம் அதைக் கவனித்துக்கொள்ளும். வாசித்துக் காட்டும் வேளையில் பிழை திருத்தும் அதிகாரத்தை வீட்டுப் பெரியவரிடம் ஒப்படைத்துவிடுவது உத்தமம். வாடை என்றிருக்க வேண்டிய இடத்தில் கச்சான் என்று பேரன் எழுதியிருந்தால் அவர் விடமாட்டார். லகர ளகர மயக்கம் அவர் காதில் விழவே விழாது.