காகத்தைப் பொறி வைத்துப் பிடிக்கலாமா? கோழி வளர்க்கும் சகோதரிகளுக்கு



கடந்த சில மாதங்களாக நாங்கள் எந்த ஊர்க் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு பேச்சு வருகிறது. "மேடம், காக்கா தொல்லை தாங்கல. பொரிச்ச குஞ்சுல பாதி அதுக்கே போகுது. கூண்டு வெச்சுப் பிடிச்சுடலாமா?" என்று கேட்கிறீர்கள். ஒரு குழுவில் கூண்டு செய்யக் கம்பிவலை வாங்குவதற்குச் சங்கப் பணத்தை எடுக்கலாம் என்று தீர்மானமே எழுதப் போய்விட்டார்கள். இன்னொரு ஊரில் சோற்றில் குருணை மருந்து கலந்து வைக்கலாம் என்றும் பேச்சு அடிபட்டது. அதனால் இந்த இதழில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ஒரு கோழியை 12 முட்டையில் அடை வைக்கிறோம், 21 நாளில் 10 குஞ்சு பொரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று வாரத்தில் 5 குஞ்சு போனால் போனது குஞ்சு மட்டும் இல்லை, சில மாதம் கழித்துச் சந்தைக்குப் போக வேண்டிய 5 கோழி. உங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போட்டுப் பாருங்கள். உள்கடன் வாங்கித் தாய்க்கோழி வாங்கிய சகோதரிக்கு அசலும் வட்டியும் அந்த 5-க்குள்தான் இருக்கிறது. கோபம் வருவது நியாயம்தான்.

காகம் எப்போது, எப்படித் தூக்குகிறது?

நம் ஊரில் இரண்டு வகைக் காகம் உண்டு. கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம். உடம்பு முழுக்கக் கருப்பாக, பெரிதாக, தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை. இரண்டும் குஞ்சைத் தூக்கும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சையும் தூக்கக்கூடியது அண்டங்காக்கை.

வருஷம் முழுக்க ஒரே மாதிரி தொல்லை இருப்பதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பங்குனி, சித்திரையில் காகம் கூடு கட்டத் தொடங்குகிறது. நாலைந்து முட்டை இட்டு, இரண்டரை வாரம் போல அடைகாத்து, பிறகு மூன்று நாலு வாரம் குஞ்சுக்கு இரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆடி வரைக்கும் இந்த வேலை நடக்கும். நம் கோழிக்குஞ்சு அதிகம் காணாமல் போவதும் இந்த மாதங்களில்தான். பெரும்பாலும் ஒரு காகம் தனியாக வராது. ஒன்று தாய்க்கோழியின் முன்னால் குதித்து அதைச் சண்டைக்கு இழுக்கும், இன்னொன்று பின்னால் தங்கிய குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும். தாய்க்கோழிக்குக் கண் இரண்டுதானே.

ஒன்றையும் சொல்ல வேண்டும். காணாமல் போன குஞ்சு எல்லாம் காகக் கணக்கில் போகிறது. கீரியும் பூனையும் பருந்தும் இதில் பங்காளிகள். வெள்ளைக் கழிச்சலில் சாகிற குஞ்சைக் காகம் தூக்கிப் போவதைப் பார்த்து, காகம் கொன்றது என்று நினைப்பவர்களும் உண்டு. தடுப்பு மருந்து போடாத வீட்டில் காகத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பொறி எப்படி வேலை செய்கிறது?

வெளிநாட்டில் பொறி வைத்துக் காகம் பிடிப்பது பழைய வழக்கம். இங்கிலாந்தில் வயல்களிலும் வேட்டைப் பறவை வளர்க்கும் பண்ணைகளிலும் வைக்கிறார்கள். ஆள் உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு பெரிய வலைக் கூண்டு. அதன் கூரையில் நடுவில் ஏணிப்படி போல இடைவெளி விட்டுக் கட்டைகள் இருக்கும். உள்ளே இரையும் தண்ணீரும் வைத்து, இரண்டு மூன்று உயிருள்ள காகங்களையும் விட்டிருப்பார்கள். 'நம்ம ஆளு தின்னுக்கிட்டு இருக்கு' என்று மேலே இருக்கிற காகம் இறக்கையை மடக்கிக்கொண்டு இடைவெளி வழியாக உள்ளே குதிக்கும். வெளியே வர இறக்கையை விரிக்க வேண்டும். விரித்தால் இடைவெளி போதாது. அவ்வளவுதான் சூத்திரம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தினமும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், உள்ளே இருக்கிற பறவைக்குத் தீனி, தண்ணீர், நிழல், உட்காரக் கொம்பு எல்லாம் இருக்க வேண்டும், வேறு பறவை மாட்டினால் உடனே விட வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. பிடித்ததைக் கொல்வதும் ஒருவர் கையால் செய்ய வேண்டிய வேலை. இதை யார் செய்வார்கள் என்று கேட்டபோது, தீர்மானம் எழுதப் போன குழுவில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நம் காகம் கடல் தாண்டிப் போன கதை

பிடித்தால் குறையுமா என்பதற்கு நல்ல சாட்சி நம் ஊர் வீட்டுக் காகமேதான். 1890-களில் ஆப்பிரிக்காவின் கிழக்கே உள்ள சான்சிபார் தீவுக்கு, குப்பையைத் தின்று சுத்தம் செய்யட்டும் என்று இந்தியக் காகத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். அதே காலத்தில் மலாயாவில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்தில் புழு தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுபோனார்கள். நம் ஆட்கள் கப்பலேறிப் போன அந்தக் காலத்திலேயே காகமும் போயிருக்கிறது! 1947-இல் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் காகம் காணப்பட்டது. பிறகு கடலோரம் முழுக்கப் பெருகி, அந்த நாட்டுச் சின்னப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது. அங்கேயும் கிராமத்துப் பெண்களின் கோழிக்குஞ்சைத்தான் தூக்கியது. அங்கே இதை 'குங்குரு' என்கிறார்கள்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. சான்சிபாரில் 1990-களில் பொறியும் மருந்தும் வைத்து எண்ணிக்கையை நன்றாகக் குறைத்தார்கள். திட்டம் முடிந்தது, பணம் நின்றது, காகம் திரும்பப் பெருகியது. கென்யாவிலும் ஒரு தனி மருந்தை வைத்துக் குறைத்து வந்தார்கள். 2005 வாக்கில் அந்த மருந்து வருவது நின்றதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. கடைசியில் 2024-இல், 10 லட்சம் காகத்தை ஒழிக்கப் போகிறோம் என்று அந்த நாட்டு வனவிலங்குத் துறையே அறிவித்தது. அரசாங்கமே பணமும் ஆளும் போட்டு முப்பது வருஷமாகச் செய்கிற வேலை இது. கொஞ்சம் கைவிட்டால் பழையபடி ஆகிறது.

ஏன் இப்படி? ஒரு ஊரில் எத்தனை காகம் இருக்கும் என்பதை அங்கே கிடைக்கிற தீனிதான் முடிவு செய்கிறது. நீங்கள் பத்துக் காகத்தைப் பிடித்தால் அந்தத் தீனி மிச்சமாகிறது. பக்கத்து ஊரில் கூடு கட்ட இடம் கிடைக்காமல் சுற்றுகிற இளங்காகம் அந்த இடத்துக்கு வந்துவிடும். நாலு பேர் சாப்பிடுகிற பந்தியில் ஒருவர் எழுந்தால் இலை காலியாகவா கிடக்கும்? சிங்கப்பூரில் பல வருஷம் துப்பாக்கியால் சுட்டே காகத்தைக் குறைத்தார்கள். அவர்களும் இப்போது குப்பைத் தொட்டியை மூடு, தீனி போடாதே என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஆய்வாளர்கள் முகமூடி போட்டுக்கொண்டு 7 காகத்தைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அது வேறு இனக் காகம், ஆனால் புத்தி ஒன்றுதான். பல வருஷம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கூடிக் கத்தின, பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின. ஆகவே பொறி வைக்கப் போகும் சகோதரி தினமும் தண்ணீர்க் குழாயடிக்கு எப்படிப் போவார் என்பதையும் யோசித்துக்கொள்ளவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"காக்காவக் கொன்னா யாரு கேக்கப் போறா?" என்று பல இடத்தில் கேட்டோம். ஒரு காலத்தில் அது சரி. 1972-ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் எலி, பழந்தின்னி வவ்வால், காகம் இவற்றைத் தொல்லை தரும் உயிர்கள் என்று 5-ஆம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022-இல் வந்த திருத்தச் சட்டம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. 1.4.2023 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒரு உயிரைத் தொல்லை தருவது என்று அறிவிக்க வேண்டுமானால் மத்திய அரசு தனியாக ஆணை போட வேண்டும். எனவே வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் யாரும் கூண்டு வைக்க வேண்டாம். கூட்டமைப்புப் பணத்தில் செய்து, நாளைக்குக் கேள்வி வந்தால் குழுத் தலைவிதான் பதில் சொல்ல வேண்டும்.

குருணை மருந்துப் பேச்சை அடியோடு விட்டுவிடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறோம். மருந்துச் சோற்றுக்குக் காகம் மட்டும் வரும் என்று எழுதி ஒட்ட முடியாது. உங்கள் கோழியே முதலில் வரும். நாய் வரும், ஆடு வரும், தவழ்கிற பிள்ளை வரும். இப்போது எல்லா ஊரிலும் மயில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணையில் உள்ள தேசியப் பறவை. அதைக் கொன்ற குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. ஐந்து குஞ்சுக்காக ஒரு குடும்பம் கோர்ட்டுக்கு அலையக் கூடாது.

அப்படியானால் குஞ்சைக் காப்பது எப்படி?

குஞ்சுக்கு ஆபத்து முதல் ஆறு, எட்டு வாரம்தான். அதற்குப் பிறகு காகத்தால் தூக்க முடியாது. காகத்தைக் குறைக்கிற செலவில் நாலில் ஒரு பங்கு கூட ஆகாது, இந்த எட்டு வாரத்தைப் பாதுகாக்க.

நம் பாட்டிமார் வைத்திருந்த பஞ்சாரம் இன்றைக்கும் நல்ல சாதனம். தாய்க்கோழியையும் குஞ்சையும் முதல் மூன்று வாரம் பஞ்சாரத்துக்குள் வைத்துத் தீனி, தண்ணீர் கொடுங்கள். இடத்தை மட்டும் தினமும் மாற்றிப் போடவும், ஒரே இடத்தில் எச்சம் சேர்ந்தால் கழிச்சல் வரும். கண் இடைவெளி பெரிதாக இருந்தால் காகம் வெளியிலிருந்தே கொத்தும், அதனால் கீழ்ப்பக்கம் ஒரு முழத்துக்குப் பழைய சேலையைச் சுற்றிவிடுங்கள். இரவில் கீரி தோண்டாமல் இருக்க மேலே ஒரு கல் பாரம், சுற்றி மண் அணைப்பு.

நாலாவது வாரத்திலிருந்து குஞ்சுக்கு நடமாட்டம் வேண்டும். வீட்டை ஒட்டி நாலு குச்சி நட்டு, மேலே கிழிந்த மீன் வலையோ நைலான் வலையோ இறுக்கமாகக் கட்டினால் போதும். தொய்வாகக் கட்டினால் காகம் மேலே உட்கார்ந்தே அழுத்தும். வலைக்குக் காசு இல்லாதவர்கள் முருங்கை, கறிவேப்பிலை போன்ற செடி அடர்ந்த பக்கம் குஞ்சை மேயவிடுங்கள். பட்டென்று ஓடி ஒளிய இடம் இருந்தாலே பாதிக் குஞ்சு தப்பும். வெட்டவெளிக் களத்தில் விடுவதுதான் காகத்துக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பது.

அடை வைக்கிற மாதத்தையும் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதத்தில் அடை வைத்தால் காகம் கூடு கட்டி இரை தேடுகிற சித்திரை, வைகாசியில் நம் குஞ்சு இரண்டு மாதத்தைத் தாண்டியிருக்கும். பங்குனியில் வைக்கிறவர்களுக்குத்தான் நஷ்டம் கூடுதல். இது ஒரு பைசா செலவில்லாத வேலை.

செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிடுவது, குஞ்சுக்குச் சாயம் பூசுவது எல்லாம் நாங்கள் பார்த்தவரை சில நாளைக்குத்தான். காகம் ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளும்.

தீனிக் கணக்கு

இனி ஊருக்குப் பொதுவான விஷயம். கோழி வெட்டுகிற கடைக்காரர் குடலையும் இறகையும் எங்கே கொட்டுகிறார்? மீன் விற்கிறவர் கழிவை எங்கே போடுகிறார்? கல்யாண மண்டபத்து எச்சில் இலை எங்கே போகிறது? பெரும்பாலும் ஓடை ஓரத்தில், நம் தெருவுக்குப் பின்னால். காகக் கூட்டம் அங்கேதான் பிள்ளை வளர்க்கிறது. குஞ்சை இழந்த வீடுகளைக் கேட்டு வரிசையாக எழுதிப் பார்த்தால், கழிவு கொட்டுகிற இடத்துக்கு அருகில் உள்ள வீடுகளே அதிகம் வரும் என்று நினைக்கிறோம். உங்கள் குழுவில் எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு கிராம சபையில் கேட்டால் ஊராட்சியில் குழி தோண்டிப் புதைக்க ஏற்பாடு செய்யச் சொல்லலாம். வெறுமனே "காக்கா தொல்லை" என்றால் சிரிப்பார்கள்.

அமாவாசைச் சோறு வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மாதத்துக்கு ஒரு கைப்பிடிச் சோற்றில் காகம் பெருகாது. அது முன்னோருக்கு வைப்பது, அதில் எங்களுக்கு ஒன்றும் சொல்ல இல்லை. காகமே வேண்டாம் என்பதும் எங்கள் பேச்சு இல்லை. உழுகிற போது ஏருக்குப் பின்னால் நடந்து புழு பொறுக்குவதும், வேப்பம்பழம் தின்று வரப்பில் விதை போடுவதும், செத்த எலியைத் தூக்கிப் போவதும் அதுதான். குயில் தன் முட்டையை இடுவதும் அதன் கூட்டில்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். 2021 ஜனவரியில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தில் காகங்கள் கூட்டமாகச் செத்து விழுந்தன, பரிசோதித்ததில் பறவைக் காய்ச்சல் என்று தெரிந்தது. உங்கள் ஊரில் ஒரே நேரத்தில் பல காகம் செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கோழிகளை அடைத்துவிட்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்த கோழியைக் குப்பையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கவும்.

பஞ்சாரம் பின்னத் தெரிந்த உறுப்பினர்கள் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று அடுத்த மாதக் கூட்டத்தில் பிரதிநிதிகள் எழுதிக் கொடுக்கவும். மூங்கில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும்.