வரமிளகாயும் விஸ்கியும் நாக்கில் சந்தித்தால்

விஸ்கி விருந்து என்பது முன்பே முடிவுசெய்த நான்கைந்து பதார்த்தங்களை வரிசையாகப் பரிமாறி, ஒவ்வொன்றுடனும் அதற்கென்று தேர்ந்த ஒரு விஸ்கியைச் சிறு அளவில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம். பெருநகர நட்சத்திர ஓட்டல்களில் இதற்குத் தனி மெனு அட்டையே உண்டு. சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கு மிக நெருக்கமானது டாஸ்மாக் பாரின் சைட் டிஷ்தான்: அவித்த முட்டை, ஆம்லெட், சுண்டல், வறுத்த கோழி.

எந்த உணவுக்கு எந்த விஸ்கி என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றே: இரண்டிலும் ஒரே வகை மணமூலக்கூறுகள் இருந்தால் அவை சேரும். அமெரிக்க ஓக் பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் தேங்காய் வாசம் தரும் லாக்டோன்கள் உண்டு. தேங்காயின் மணமும் லாக்டோன்களால் ஆனதே. ஆகவே வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு மட்டும் போட்டு வதக்கும் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் சிக்கன், காகிதத்தில் விஸ்கிக்கு வாய்த்த ஜோடி.

இந்த விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. மேற்கத்தியச் சமையலில் ஒத்த மூலக்கூறுள்ள பொருட்கள் அதிகம் சேர்கின்றன, கிழக்காசியச் சமையலிலோ அவை விலகிநிற்கின்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஜோத்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2015-இல் சுமார் 2,500 இந்தியச் சமையல் குறிப்புகளை அலசியபோது, நம் சமையலில் சேரும் பொருட்கள் மணத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பது குறைவு என்றும், அதற்கு மசாலாப் பொருட்களே முக்கியக் காரணம் என்றும் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் பல, மோகனூர் சர்க்கரை ஆலை போன்றவற்றில் கரும்பு அரவைக்குப் பின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த சாராயம். தானியத்திலிருந்து வராததை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியே இல்லை. ஓக் லாக்டோன் பேச்சு அந்தப் பாட்டில்களுக்குப் பெரிதாகப் பொருந்தாது.

மணப்பொருத்தத்தைவிட உறுதியாகத் தெரிந்த, அதைவிட அழகான சங்கதி நாக்கின் நரம்பு நுனிகளில் நடக்கிறது. அங்கே டிஆர்பிவி1 என்ற புரதம் ஒரு மதகுபோல உட்கார்ந்திருக்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். 2021-இல் ஜூலியஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த மதகு சுமார் 42 டிகிரி செல்சியஸில் திறக்கும். திறந்ததும் கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, ‘சுடுகிறது’ என்ற சேதி மூளைக்குப் போகும்.

மேட்டூர் அணையின் 16 கண் மதகை நினைத்துக்கொள்ளலாம். நீர்மட்டம் 120 அடியை எட்டினால் உபரி நீர் திறக்கப்படும். அதற்குக் கீழே என்றால் மூடியிருக்கும். வாயின் வெப்பம் 36 டிகிரி அளவில் நிற்பதால் நாக்கின் மதகு சாதாரணமாக அசையாது. எத்தனால் என்ன செய்கிறது? அணையில் ஒரு சொட்டு நீரையும் கூட்டாமல், அளவுகோலின் குறியை மட்டும் கீழே இறக்கிவிடுகிறது. 2002-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் 42 டிகிரி என்ற வரம்பு ஏறத்தாழ 34 டிகிரிக்கு இறங்கியது. வாயின் இயல்பான சூடே இப்போது குறிக்கு மேல். வெள்ளமே வரவில்லை, ஆனாலும் மதகு திறந்து, கரையோரம் முழுக்க அபாய அறிவிப்பு. குளிர்ச்சியாக ஊற்றாத விஸ்கி தொண்டையில் எரிவது இதனால்தான்.

மிளகாயின் வழி வேறு. அதிலுள்ள கேப்சைசின் நீர்மட்டத்தைப் பார்ப்பதே இல்லை. செல்சவ்வுக்குள் ஊடுருவி, உட்பக்கமாக வந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது: மதகு அறைக்குள் நுழைந்து விசையைத் திருப்பிவிடும் ஆள். எத்தனால் இருக்கும்போது கேப்சைசினின் தாக்கமும் அமிலத்தின் தாக்கமும் கூடுகின்றன என்று அதே சோதனை காட்டியது. பள்ளிபாளையம் சிக்கன் மேல் எலுமிச்சை பிழிந்து, தண்ணீர் கலக்காத விஸ்கியோடு உண்டால், ஒரே மதகை மூவர் சேர்ந்து திறக்கிறார்கள். ஐஸ் போட்டால் அணையின் மட்டமே இறங்கி, புதுக் குறிக்கும் கீழே போய்விடும். நெடுநேரம் திறந்திருந்த மதகு தானாகவே தளர்ந்து மூடிக்கொள்வதும் உண்டு. உள்ளே புகுந்த கால்சியம்தான் அதைச் செய்கிறது. காரமான விருந்தில் நான்காவது கிளாஸ் ‘மிருதுவாக’ இறங்குவதாகத் தோன்றினால், விஸ்கியைப் புகழும் முன் இந்தத் தளர்ச்சியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தண்ணீர் கலப்பதில் மணத்துக்கும் லாபம் உண்டு. புகைவாசம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, எத்தனால் 59 சதவீதத்தைத் தாண்டும்போது திரவத்துக்குள் அமிழ்கிறது. 45 சதவீதம் வரை மேற்பரப்பில் மிதக்கிறது. இது 2017-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் போட்டுப் பார்த்த கணக்கு. கிளாஸில் மூக்கை வைத்துச் செய்த சோதனை அல்ல.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். முட்டையின் மஞ்சள் கருவில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. பாதி வெந்தும் வேகாமலும் தோசைக்கல்லிலிருந்து இறக்கும் கலக்கி, நாக்கில் படிந்து கேப்சைசினை வாங்கிக்கொள்ளத் தோதான வடிவம். தயிரில் இதே வேலையைக் கேசின் புரதம் செய்கிறது. நாமக்கல்லின் முட்டை, மெனு அட்டை இல்லாமலேயே பொருத்தமான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தின் மது வரலாறு சுருக்கமாக: இந்த மண்ணில்தான் ராஜாஜி 1925-இல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி மதுவிலக்குப் பிரசாரம் செய்தார். சென்னை மாகாண முதல்வரானதும், 1937 அக்டோபர் 1 அன்று, நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் மாகாணத்தின் முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது.

விருந்தின் மொத்த அளவு பற்றி மெனு அட்டைகள் பேசுவதில்லை. ஐந்து பதார்த்தம், ஒவ்வொன்றுக்கும் 30 மி.லி., 42.8 சதவீத எத்தனால் என்றால், உடலில் சேர்வது சுமார் 51 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். வயிற்றில் உணவு இருந்தால் ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். அப்படியிருந்தும் 65 கிலோ எடையுள்ள ஒருவர் விருந்து முடிந்து எழும்போது, வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பை, அதாவது 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. என்பதை, தாண்டியே இருப்பார். மொத்தமும் வெளியேற ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும்.