‘நாங்க’ இருக்கட்டும்... நீங்க என்ன பண்ணீங்க?

காலேஜ்ல சீனியர் ஆவது ரொம்ப ஈஸி. ஒரு வருஷம் முன்னாடி சேர்ந்தா போதும். எத்தனை அரியர் இருந்தாலும் பதவி பறிபோகாது. சாஃப்ட்வேர் கம்பெனியில் ‘சீனியர் இன்ஜினீயர்’ பட்டம் அப்படிக் கிடைக்காது பாஸ். எட்டு வருஷம் கோடிங் எழுதிக் குவிச்சவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ‘‘உங்க மேனேஜர் சொன்னதை நீங்க ஒத்துக்காத ஒரு சம்பவம் சொல்லுங்க’’ என்பார்கள். அல்காரிதம் கேள்வியை ஊதித் தள்ளினவங்களே இங்கே திருதிருன்னு முழிக்கிறாங்க.

இதுக்குப் பேர் ‘பிஹேவியரல் இன்டர்வியூ’. ‘நீங்க எப்படிப்பட்டவர்?’னு கேட்டா, நாம எல்லாருமே ‘கடின உழைப்பாளி’தான். அதனால, ‘போன தடவை என்ன செஞ்சீங்க?’னு கேட்கிறாங்க. அமேசான் இதுக்காகவே தன்னுடைய 16 கொள்கைகளை வெளிப்படையா பட்டியல் போட்டு வெச்சிருக்கு. ஒத்துக்கலைன்னா தைரியமா சொல்லணும், முடிவு எடுத்த பிறகு முழு மனசோட இறங்கணும் என்பது அதில் ஒண்ணு.

பதில் சொல்ல ஒரு ஃபார்முலாவும் உண்டு. சூழல், உங்க பொறுப்பு, நீங்க செய்தது, கிடைத்த ரிசல்ட். இந்த நாலின் இங்கிலீஷ் முதல் எழுத்துகளைச் சேர்த்தா ‘ஸ்டார்’. நம்மாளுங்க சூழலுக்கே இன்டர்வெல் வரைக்கும் ஃப்ளாஷ்பேக் ஓட்டிடுறாங்க. அப்புறம், ‘நாங்க டிசைன் பண்ணோம், நாங்க டெஸ்ட் பண்ணோம்...’ அடக்கம் நல்ல குணம்தான். ஆனா, கேட்கிறவருக்கு வேண்டியது அந்த ‘நாங்க’வுக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற ‘நான்’. எந்த முடிவு உங்களுது? வேற என்ன வழி இருந்தது? அதை ஏன் விட்டீங்க?

‘உங்களோட பெரிய தப்பு எது?’ என்பதுதான் இருக்கிறதிலேயே வில்லங்கமான கேள்வி. இதுக்கு ஒரு நிஜ சம்பவம். 2017 ஜனவரி 31. கிட்லேப் கம்பெனியில் டேட்டாபேஸ் பிரச்னையோடு ராத்திரி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இன்ஜினீயர், உபரி சர்வரில் அழிக்க வேண்டியதை மெயின் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜி.பி.யில் மிச்சம் 4.5 ஜி.பி.தான். சரி, பேக்கப் இருக்குமேன்னு தேடினா, பேக்கப்பே எடுபடலை. டேட்டாபேஸுக்கு ஒரு வெர்ஷன், பேக்கப் எடுக்கும் மென்பொருளுக்கு வேறொரு வெர்ஷன். அது ஃபெயிலாகிறதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவே இல்லை! ஆறு மணி நேரத்துக்கு முன் அதே இன்ஜினீயர் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்த காப்பிதான் மானத்தைக் காப்பாற்றியது.

இதை இன்டர்வியூவில் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்க. ‘தப்பான சர்வர்ல கமாண்ட் அடிச்சிட்டேன், அதுக்கப்புறம் ஜாக்கிரதையா இருக்கேன்’ என்பது ஜூனியர் பதில். கிட்லேப் தானே வெளியிட்ட அறிக்கை ஆளைப் பிடிக்கலை, காரணத்தைப் பிடிச்சது. பேக்கப் வேலை செய்யுதான்னு சோதிக்க யாருமே பொறுப்பா இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பொறுப்பை யார் கையில் கொடுத்தீங்க, அடுத்த ஆள் அதே கமாண்டை அடிச்சா என்ன தடுக்கும்... சீனியரிடம் எதிர்பார்க்கிறது இதை.

முதல் கேள்விக்கு வருவோம். ‘மேனேஜரோட எனக்குக் கருத்து வேறுபாடே வந்ததில்லை’ன்னு சொன்னா, வாயைத் திறக்காத ஆள்னு அர்த்தம். ‘அவர் சொன்னது தப்பு, நான்தான் ரைட்டு’ன்னா, கூட வேலை பார்க்க முடியாத ஆள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வேண்டாம்னு நீங்க சொல்லியும் அவர் கேட்கலைன்னு வைங்க. என்ன ஆதாரத்தை அவர் முன்னாடி வெச்சீங்க, தோத்த பிறகு பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழி பண்ணிட்டு வேலையில் இறங்கினீங்களா, இல்லை ‘அப்பவே சொன்னேன்ல’ சொல்லக் காத்திருந்தீங்களா? மார்க் அதுக்குத்தான்.

‘சீனியர் கதை நமக்கெதுக்கு மச்சி?’ங்கிறீங்களா? கேம்பஸ் இன்டர்வியூவிலும் இதே கேள்விதான், சைஸ் மட்டும் சின்னது. ‘உங்க ப்ராஜெக்ட் டீம்ல ஒருத்தர் வேலையே செய்யலைன்னா என்ன பண்ணீங்க?’ ‘அவர் வேலையையும் ராத்திரி முழிச்சு நானே முடிச்சிட்டேன்’னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னா, அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்: ‘‘அவர்கிட்ட எப்போ பேசினீங்க?’’