வகையறியாப் பொருளைப் படைத்தல்

வலைப்பக்கத்தை இக்காலத்தில் ஒரே மூச்சில் எழுதி முடிப்பதில்லை. பன்முறை பயன்படும் உறுப்புகளாக ஆக்கிப் பின்னர்ப் பொருத்துகின்றனர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பிளேசர் முறையில், பட்டியல் காட்டும் உறுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். மாணவர், நூல், மருந்து என எதன் பட்டியலையும் அது ஏற்கும். 'புதியது சேர்' என்னும் பொத்தானை அழுத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. எதைப் படைப்பது? உறுப்பை எழுதியவருக்கே வகை தெரியாதே!

சி-ஷார்ப் மொழி பொதுவகைகளை 2005-இல் ஏற்றது. எனினும், 'அவ்வகையில் ஒன்றைப் படை' என்று வெறுமனே எழுதினால் கம்பைலர் மறுத்துவிடும். மறுப்பு நியாயமானதே. பதிவெண் தந்தாலன்றி மாணவர் என்னும் பொருள் உருவாகாதென அவ்வகையை எழுதியவர் விதித்திருக்கலாம் அன்றோ? ஆகவே, 'எவ்விவரமும் தராமலே படைக்கத்தக்க வகைதான் இங்கு வரலாம்' என்னும் நிபந்தனையை முன்னரே இட வேண்டும். பிளேசர் உறுப்பில் வகையை அறிவிக்கும் வரியிலேயே இதனை எழுத, 2021-இல் வெளிவந்த டாட்நெட் 6 வழிவிட்டது.

நிபந்தனையின்றி, ஆக்டிவேட்டர் என்னும் கருவியைக் கொண்டு படைப்பதும் உண்டு. அது விரும்பத்தக்கதன்று. பொருந்தாத வகை வந்தால் எழுதும்போது பிழை தெரியாது. பயன்படுத்துவோர் பொத்தானை அழுத்திய பிறகே வெளிப்படும். நிபந்தனை இட்டிருப்பின் கம்பைலரே தடுத்திருக்கும்.

பதிவெண் கட்டாயமான மாணவருக்கு மற்றொரு வழியுண்டு. படைக்கும் செயலைத் தாய்ப்பக்கமே எழுதி உறுப்பினிடம் தந்துவிடலாம். பொத்தான் அழுத்தப்படும்போது உறுப்பு அதனை அழைக்கும். எழுத்து வேலை சற்றுக் கூடும்; பதிவெண் இல்லாத மாணவர் பட்டியலில் ஏறமாட்டார்.