சாவிக்குத் தனி விலை

முழு விலை கொடுத்து வாங்கிய வீடியோ விளையாட்டில் ஒரு பகுதி பூட்டியிருக்கிறது. அதைத் திறக்க மறுபடியும் காசு. வாங்கியவர்கள் பொறுமை இழந்துவருகிறார்கள்.

2012 மார்ச்சில் கடைகளுக்கு வந்தது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' என்ற சண்டை விளையாட்டு. அதை வாங்கியவர்களில் கம்ப்யூட்டர் நுணுக்கம் தெரிந்த சிலர் தகட்டைக் குடைந்து பார்த்தார்கள். உள்ளே 12 வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். களத்தில் இறங்க அவர்கள் தயார். ஆனால் வாங்கியவரால் அவர்களைத் தொட முடியாது. பூட்டைத் திறக்கும் சாவியைச் சில மாதங்கள் கழித்து 20 டாலருக்கு விற்பது ஜப்பானிய நிறுவனமான கேப்காமின் திட்டம். விளையாட்டின் விலையே 60 டாலர்தான்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். தகடு எங்கள் அலமாரியில் இருக்கிறது, அதற்குள் இருப்பது மட்டும் எப்படி உங்களுடையது என்பது அவர்கள் கேள்வி. கேப்காமும் விளக்கம் தந்தது. புது வீரர்களை வாங்கியவரும் வாங்காதவரும் ஒருவரோடொருவர் மோதத் தடங்கல் இருக்கக் கூடாது, கருவியின் நினைவகத்திலும் இடம் மிச்சமாகும், அதனால்தான் எல்லாவற்றையும் தகட்டிலேயே வைத்தோம் என்றது. அமெரிக்காவில் வியாபாரப் புகார்களைக் கவனிக்கும் பெட்டர் பிசினஸ் பீரோ வரை விவகாரம் போயிற்று. தகட்டில் பூட்டி வைத்து விற்பதற்கும் பிறகு டவுன்லோடு செய்யச் சொல்லி விற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் அங்கேயும் நிறுவனத்தின் வாதம்.

யோசித்துப் பார்த்தால் அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. சரக்கு தகட்டில் இருந்ததா, கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்ததா என்பது முக்கியமில்லை. விற்பது பின்னால் சேர்த்ததையா, முன்பே வெட்டி எடுத்ததையா என்பதுதான் கேள்வி.

பின்னால் சேர்த்து விற்பது இத்தொழிலில் பழைய வழக்கம். 1998இல் 'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டை விற்ற பிலிசார்ட் நிறுவனம், அதே ஆண்டின் பிற்பகுதியில் 'புரூட் வார்' என்ற இணைப்பைத் தனியே விற்றது. புதுக் கதை, புதுப் படைகள், பல நாள் ஆடத் தகுந்த சரக்கு. பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் அற்பமான எதையும் விற்றுக் கட்டுப்படியாகாது.

இன்டர்நெட் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. 2005 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில், உட்கார்ந்த இடத்திலிருந்தே சில்லறைச் சாமான் வாங்க வசதி இருந்தது. 2006 ஏப்ரலில் 'ஆப்ளிவியன்' விளையாட்டுக்காக பெதெஸ்டா நிறுவனம் ஒரு குதிரைக் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது உலகமே சிரித்தது. கற்பனைக் குதிரைக்குக் கற்பனைக் கவசம்! ஆனாலும் வாங்க ஆள் இருந்தது. தொழில் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

குதிரைக்குக் கவசம் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கதையின் முக்கியப் பாத்திரமே இல்லாவிட்டால்? அதே 2012 மார்ச்சில் வெளியான 'மாஸ் எஃபெக்ட் 3'இல் நடந்தது அதுதான். மூன்று பாகங்களாக நீண்ட இக்கதையின் மர்மமே அழிந்துபோன ஓர் இனத்தைப் பற்றியது. அந்த இனத்தில் எஞ்சிய ஒரே ஒருவனை, விளையாட்டு வெளியான அன்றே 10 டாலர் தனி விலைக்கு விற்றார்கள். ஒரு மாதம் முன்பு வந்த கேப்காமின் 'அசுராஸ் ராத்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் உண்மையான முடிவையே பிறகு காசுக்கு விற்றார்கள். கடைசி ரீல் பார்க்கத் தனி டிக்கெட்.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. விளையாட்டு முடிந்து, கருவித் தயாரிப்பாளரின் பரிசோதனை தாண்டி, தகடாகிக் கடைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சும்மா இருக்க வேண்டிய கலைஞர்கள் செய்ததே இந்த இணைப்புகள் என்கிறார்கள். பெரிய விளையாட்டுகளின் விலை 2005 வாக்கில் 60 டாலராக உயர்ந்தது. 2020 வரை ஏறக்குறைய அங்கேயே நின்றது. தயாரிப்புச் செலவோ பல மடங்காகிவிட்டது. அந்த வித்தியாசத்தை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டாமா?

ஈடுகட்டட்டும். ஆனால் எதை விற்று என்பதில்தான் தகராறு. 2018இல் வந்த கொனாமியின் 'மெட்டல் கியர் சர்வைவ்'இல் ஒரே ஒரு பாத்திரத்தின் ஆட்டத்தை மட்டுமே சேமித்து வைக்கலாம். இரண்டாவதாக ஒன்றைத் தொடங்க இடம் வேண்டுமானால் சுமார் 10 டாலர். வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே தகட்டில் தனித்தனியாக ஆடுவது பல்லாண்டுகளாக இலவசமாக இருந்த வசதி. 2019இல் 'டெக்கன் 7' விற்றது இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு அடியும் உதையும் எத்தனை நொடித் துணுக்குகள் எடுக்கும் என்ற விவரம் பயிற்சி செய்கிறவர்களுக்கு அத்தியாவசியம். அதைத் திரையில் காட்ட சுமார் 4 டாலர் கேட்டது பண்டாய் நாம்கோ. புதிதாக ஒரு காட்சி கூட இல்லை. இருக்கும் எண்களைக் காட்டுவதற்குக் கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். அடுத்து 2024இல் வந்த 'டெக்கன் 8'இல் அதே வசதி கூடுதல் காசு இல்லாமல் கிடைத்தது. தனியே விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆபத்து இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மருந்தை விற்பவனே நோயையும் உண்டாக்க முடியும் என்றால் எவ்வளவு நோய் உண்டாக்குவான்? யுபிசாஃப்டின் 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில் (2018) பாத்திரம் வேகமாக வலுப்பெற சுமார் 10 டாலருக்கு ஓர் 'ஊக்கி' விற்றது. அப்படியானால் சாதாரண வேகம் ஏன் இவ்வளவு மந்தம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். வேண்டுமென்றே மந்தமாக்கினார்களா என்று வெளியிலிருந்து நிரூபிக்க முடியாது. ஆனால் அலுப்பே வருமானம் தரும் இடத்தில், அலுப்பைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

பணமும் சில்லறை அல்ல. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) நிறுவனம் தன் விளையாட்டுகளின் 'அல்டிமேட் டீம்' பகுதியில் மட்டும் 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 160 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. மொத்த வருவாயில் கால் பங்குக்கும் அதிகம்.

அதே ஈஏதான் பெரிய அடியும் வாங்கியது. 2017 நவம்பரில் வந்த 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2'இல் டார்த் வேடர் போன்ற நாயகர்களைத் திறக்க 60,000 புள்ளிகள் வேண்டும். சுமார் 40 மணி நேர ஆட்டம் என்று கணக்குப் போட்டார்கள் ரசிகர்கள். காசு கொடுத்து 'லூட் பாக்ஸ்' என்ற அதிர்ஷ்டப் பெட்டிகளை வாங்கினால் சீக்கிரம் முன்னேறலாம். உழைத்துப் பெறுவதில் பெருமிதம் இருக்கிறது என்ற ஈஏயின் விளக்கம் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. நிறுவனம் புள்ளிகளை 75 சதவிகிதம் குறைத்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் காசு வசூலையே நிறுத்திவைத்தது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சில சூதாட்டமே என்று அறிவித்தது.

நேர்மையாகவும் வியாபாரம் நடக்கும் என்று காட்டியது போலந்தின் சிடி புராஜெக்ட். 2015இல் தன் 'விட்ச்சர் 3'க்குச் சிறிய இணைப்புகள் 16ஐ இலவசமாகத் தந்தது. பெரிய இணைப்புகள் இரண்டை மட்டும் விலைக்கு விற்றது. ரசிகர்கள் முணுமுணுக்காமல் வாங்கினார்கள்.

கேப்காம் மாறியதா? 2012 அமளிக்குப் பின், தகட்டில் பூட்டி வைக்கும் முறையை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னது. ஆனால் 2024 மார்ச்சில் வந்த அதன் 'டிராகன்ஸ் டாக்மா 2'இல் பாத்திரத்தின் முகத்தை மாற்றும் பொருளும், நினைத்த இடத்துக்குத் திரும்ப உதவும் கல்லும் தனி விலையில் இருந்தன. இரண்டையும் ஆட்டத்திலேயே தேடிப் பெறலாம். ஆனாலும் முதல் நாளே எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன.

இந்தியாவில் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது அவற்றில் ஒன்று. அதற்கு ஆணையமே தந்த உதாரணங்களில் ஒரு விளையாட்டும் உண்டு: செஸ் இலவசம் என்று விளம்பரம் செய்துவிட்டு, ஏழு நாள் கழித்துக் காசு கேட்கும் ஆப். முன்கூட்டியே சொல்லாததுதான் குற்றம். முழு விலைக்கு விற்றதில் என்ன இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேட்க, இதை ஒரு பிடியாகக் கொள்ளலாம்.

கேட்கவும் வேண்டியிருக்கிறது. 2012இல் தகடு கையில் இருந்ததால் 12 வீரர்களைக் கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது பெரும்பாலான விளையாட்டுகள் தகடே இல்லாமல் டவுன்லோடாக வருகின்றன. வெட்டி எடுத்தது கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. குடைந்து பார்க்க வாங்கியவர் கையில் எதுவும் இல்லை.