பல் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைக் காண வரும் மாணவர்களுக்கு நான் ஒன்றைக் காட்டுவதுண்டு. சூளையில் வெந்த பொம்மையில் கீறல் விழுந்துவிட்டால், அதை மீண்டும் களிமண்ணாக்க எவராலும் இயலாது. பல்லின் மேலுறையாகிய எனாமலும் அத்தகையதே. நம் உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. ஆயினும், சிதைந்தால் அது திரும்ப வளராது. சொத்தை முற்றிக் காக்க வழியற்றுப் போன பல்லை எடுத்துவிட நேர்வது இதனால்தான்.

மாணவச் செல்வங்களே, சில காலத்துக்கு முன் என் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் அந்நிலை வந்தது. இரண்டு மாதம் கிராம்புத் தைலத்தைத் தடவிக் காலங் கடத்தினேன். தைலம் வலியைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றிச் சொத்தையை ஆற்றாது என்று வகுப்பில் முழங்கியவன் நான்! பல்லைப் பிடுங்கினால் பார்வை மங்கும் என்று அண்டை வீட்டு அம்மையார் வேறு அச்சுறுத்தினார். பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அவ்வச்சத்துக்கு அடிப்படையே இல்லை.

வலிக்கு அஞ்சுவதும் இக்காலத்தில் வேண்டுவதில்லை. 1844-ஆம் ஆண்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம் பல்லையே எடுக்கச் செய்து சோதித்தார். 1943-இல் சுவீடன் நாட்டு லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகெயின் என்னும் மருந்தே இன்று பெரிதும் ஊசி வழியாகப் பயன்படுகிறது. பல்லைச் சுற்றிய இடம் மட்டும் மரத்துப்போகும், நாம் விழித்தேயிருப்போம். குறட்டின் அழுத்தம் தெரியும், வலி தெரியாது. உதடு சில மணி நேரம் மரத்திருக்குமாதலால், அதைக் கடித்துக்கொள்ளாமலும் சூடான காப்பி அருந்தாமலும் இருத்தல் வேண்டும்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்கலாகாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

என் பல் ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டது. துன்பம் அதன் பின்னரே தொடங்கியது. பிழை முற்றும் என்னுடையது. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து, அடியிலுள்ள எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கும். நானோ வாயில் இரத்தச் சுவை பொறாது மாலை முழுதும் துப்பினேன், கொப்பளித்தேன். போதாததற்கு உறிஞ்சு குழல் வைத்து இளநீர் குடித்தேன். உறைவு பெயர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் இரவு வலி காதுவரை ஏறி, உறக்கமின்றித் திண்ணையிலேயே விடிந்தது. இதனை உலர்குழி என்பர். புகை பிடிப்போர்க்கு இது மிகுதியாக வரும்.

மருத்துவர் என் பழைய மாணவர். குழியைக் கழுவி மருந்து வைத்தபின், "ஐயா, தாளில் எழுதிக் கொடுத்தேனே, படிக்கவில்லையா?" என்றார். தாள் என் சட்டைப் பையில் மடித்தது மடித்தபடியே இருந்தது. அங்கேயே பிரித்துப் படித்தேன். அரைமணி நேரம் பஞ்சுத் துணியைக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுதும் துப்பவோ உறிஞ்சவோ கூடாது. வெற்றிலை, புகையிலை ஆகா. மென்மையான, ஆறிய உணவே உண்ண வேண்டும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். இரத்தம் நில்லாதொழிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், வீக்கம் நாளுக்கு நாள் பெருகினாலும் உடனே வர வேண்டும் என்ற வரியின் கீழ் மட்டும் அவர் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். கோடிடும் பழக்கம் என்னிடம் கற்றதுதான்.