ஸ்டென்ட் வைத்தாயிற்று, பிறகும் ஏன் குளிசை?

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் செட்டிபாளையத்தில், ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான்: "அடைப்புத்தான் எடுபட்டிட்டே, இன்னும் எதுக்கு இவ்வளவு குளிசை?"

அடைப்பு திறந்த அதே நொடியில் ஒரு காயம் உண்டாகிவிடுகிறது. பலூன் ஊதி ஸ்டென்ட் எனும் உலோக வலையை விரிக்கும்போது இரத்தக்குழாயின் உட்தோல் உரிகிறது. வெறும் உலோகத்தைக் கண்டதும் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறையப் பார்க்கும். புதிய உட்தோல் படர்ந்து கம்பிகளை மூடும்வரை அஸ்பிரின், குளோபிடோகிரெல் எனும் குளிசைகள் இரண்டும் சேர்ந்துதான் காவல். வைத்தியரைக் கேளாமல் அவற்றை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

1986இல் மனித இதயக்குழாயில் முதன்முதலாக வைக்கப்பட்டது வெறும் உலோக ஸ்டென்ட். அதன்மேல் சில வாரங்களிலேயே தோல் படர்ந்துவிடும். ஆனால் காயம் ஆறுவது அளவு மீறியது: தசைச் செல்கள் பெருகி, ஏறத்தாழ நான்கைந்து பேரில் ஒருவருக்குக் குழாய் மீண்டும் சுருங்கியது.

அதை அடக்க வந்ததுதான் மருந்து பூசிய ஸ்டென்ட். ஈஸ்டர் தீவின் மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரி தந்த சிரோலிமஸ் எனும் மருந்து தசைச் செல்களைத் தடுக்கிறது. தேவையான உட்தோலையும் சேர்த்தே தாமதப்படுத்துகிறது. தொடக்ககால வலைகளில் ஆண்டுகள் கழிந்தும் மூடாத கம்பிகள் காணப்பட்டன. இன்றைய மெல்லிய கம்பிகள் விரைவில் மூடிக்கொள்கின்றன.

தானே கரையும் ஸ்டென்ட்டும் வந்தது. தடித்த கம்பிகளால் இரத்தம் உறைவது கூடியது; அவ்வகையைச் சேர்ந்த 'அப்சார்ப்' விற்பனை 2017இல் நின்றது.